கரி போட்ட ஓடு

மூணுபனைக் குப்பத்தில் பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பு வரை போனவன் கருணாகரன் ஒருத்தன்தான். போனான், தேறவில்லை. ஆனால் குப்பத்தில் அந்தப் பின்பாதியை யாரும் கேட்டதில்லை. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிச் சொல்வது அவன் வேலை. எண்ணுவதில் புலி. சாயங்காலமானால் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு படிப்பகத்தில் உட்கார்ந்து கிரேக்கம், ரோமாபுரி என்று மேய்ந்துகொண்டிருப்பான். அந்தக் காலத்தில் வடசென்னையில் பாதிப் பேருக்கு அந்தப் பைத்தியம் இருந்தது. மேடை ஏறினவன் எவனும் ஏதென்சைத் தொடாமல் இறங்கினதில்லை. சவரக் கடை நாற்காலியில் உட்கார்ந்தால் சோப்பு நுரையோடு சாக்ரடீசையும் சேர்த்துப் பூசி அனுப்புவார்கள். கருணாகரனுக்கு அது தலைக்கே ஏறிவிட்டது.

ஏறியதற்குக் காரணம் உண்டு. குப்பத்தில் தப்பு செய்தவனை ஊரைவிட்டுத் தள்ளி வைப்பார்கள். தள்ளி வைத்துவிட்டால் அவனோடு பேச்சு கிடையாது; அவன் வீட்டுக்கு நெருப்பும் தண்ணீரும் கிடையாது; அவன் கட்டுமரத்தைக் கடலில் தள்ளிவிட ஒரு கை வராது. தள்ளி வைக்கவும் திரும்பச் சேர்க்கவும் நாட்டார் என்கிற ஊர்த்தலைவர் ஒருவர் வாய் போதும். தள்ளப்பட்டவன் நாலு நாள் பொறுப்பான், மிஞ்சினால் ஒரு பௌர்ணமி. பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கங்கையம்மன் கோயில் வாசலில் நாட்டார் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுவான். "ஊரு மன்னிச்சிடுச்சி, ஏந்திரு" என்பார் அவர். அதோடு முடிந்தது. கருணாகரனின் அப்பா அப்படி விழுந்ததை ஒன்பது வயதில் அவன் பார்த்தான். செய்யாத தப்புக்கு விழுந்தார். முகத்தில் ஒட்டிய மணலைத் தட்டிவிடக்கூடத் தோன்றாமல் வீடு வரைக்கும் நடந்து வந்தார்.

ஐம்பத்திரண்டில் முதல் பொதுத்தேர்தல் வந்து போயிற்று. பெட்டியில் சீட்டுப் போட்ட ருசி ஊருக்கு இன்னும் நாக்கிலேயே இருந்தபோது, கருணாகரன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றான்.

"ஏதென்ஸ்னு ஒரு ஊரு. நம்மள மாதிரியே கடல நம்பிப் பொழச்ச ஊரு. அங்க யார வெளிய அனுப்பணும்னு ஒத்த ஆளு சொல்லிட முடியாது. சனங்க ஒடஞ்ச பானை ஓட்டுல பேர எழுதிப் போடுவாங்க. எண்ணிப் பாத்து, ஓடு அதிகமா வுழுந்தா அவன் பத்து வருசம் ஊரவுட்டுப் பூடணும். யாரு போட்டதுன்னு யாருக்கும் தெரியாது. யாரு கால்லயும் யாரும் வுழ வாணாம்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் கூட்டத்தைப் பிடித்தது. அங்கே உட்கார்ந்திருந்த ஆண்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது மணல் தின்றவர்கள். நாட்டார் திருமலை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "சரி நைனா. நீ பட்ச்சவன். ஊரு இஷ்டம் எதுவோ அதான் என் இஷ்டம்" என்று சொல்லிவிட்டார். முப்பது வருஷமாக எல்லார் வயிற்றெரிச்சலையும் ஒற்றை ஆளாக வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதர். விட்டது பீடை என்று நினைத்திருந்தாலும் தப்பில்லை.

விதிகளையெல்லாம் கருணாகரனே வகுத்தான். எழுதத் தெரியாத ஊர் ஆனதால் பேர் எழுத வேண்டாம். கரிக்கோடு போட்ட ஓடு என்றால் போக வேண்டும், வெறும் ஓடு என்றால் இருக்கட்டும். வீட்டுக்கு ஒரு ஓடு. ஆண் இல்லாத வீட்டில் பெண்ணே போடலாம். ஏதென்சில் அதற்கு வழியில்லை என்பதில் அவனுக்குத் தனிப் பெருமை. பத்து வருஷம் அநியாயம் என்று மூன்றாகக் குறைத்தான். ஓட்டின் நிறத்தையும் உடைசலையும் பார்த்தே இது இன்னார் வீட்டுச் சட்டி என்று சொல்லிவிடுவார்கள் குப்பத்துப் பெண்கள். அதனால் கோயிலுக்குப் பின்னால் வைத்துக் கருணாகரன் ஒருவனே எண்ணுவது, எண்ணியதும் கடலில் கொட்டிவிடுவது என்று ஆயிற்று. கடைசி விதிதான் முக்கியம்: ஓடு சொன்னதை யாரும் மாற்ற முடியாது, நாட்டார் உட்பட. மாற்றலாம் என்று விட்டால் மறுபடி காலில் விழத் தொடங்கிவிடுவார்கள் அல்லவா.

முதன்முதலில் ஓடு போட வேண்டிவந்தது அவன் தங்கை நீலாவின் புருஷன் எத்திராஜுக்கே.

ஆடியில் அம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால் எட்டு நாள் யாரும் கடலுக்குப் போகக்கூடாது. ஐந்தாம் நாள் விடிகாலையில் எத்திராஜ் போய்விட்டான். வீட்டில் மூன்று நாளாக அடுப்பு எரியவில்லை. நீலாவுக்கு ஆறு மாதம். நாலு பேரிடம் வாய்விட்டுக் கேட்டிருந்தால் நாலு பேரும் கொடுத்திருப்பார்கள். ஆனால் எத்திராஜுக்குக் கேட்கிற வாய் கிடையாது, எடுத்தெறிந்து பேசுகிற வாய் உண்டு. கரையில் மடக்கிக் கேட்டவர்களிடம், "அம்மனுக்குப் பசிச்சா அம்மனே வந்து கேக்கட்டும். எம் பொண்டாட்டிக்குப் பசிச்சுது, நான் போனேன்" என்றான்.

ஊருக்குக் கோபம் வந்தது வாஸ்தவம். ஆனால் வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணை மூன்று வருஷம் வெளியே தள்ளுகிற கோபம் ஒருவருக்கும் இல்லை. இவன் வாய்க்கு ஒரு பயம் காட்ட வேண்டும், அவ்வளவுதான் எண்ணம். மற்றவர்கள் எல்லாம் வெறும் ஓடுதான் போடப்போகிறார்கள், நம் ஒரு கரிக்கோட்டில் குடியா முழுகிவிடும் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு, அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தார்கள்.

கருணாகரனும் எடுத்தான். சொந்தத் தங்கை என்று வெறும் ஓடு போட்டால் நான் என்ன யோக்கியன் என்று தன்னையே கேட்டுக்கொண்டான். யாருக்கும் தெரியப்போவதில்லை, தனக்குத் தெரியுமே என்றான். கரி போட்ட ஓடு இருபதைத் தாண்டாது என்பது அவன் மதிப்பு. தன் நேர்மையைத் தானே கண்ணாடியில் பார்த்து அழகு பார்ப்பதற்காக ஓட்டின் உட்புறத்தில் ஒரு கோடு இழுத்தான் என்பதுதான் உண்மை.

கோயிலுக்குப் பின்னால் எண்ணினபோது எண்பத்துநாலில் அறுபத்தொன்று கரி.

இரண்டாம் தடவை எண்ணினான். அறுபத்தொன்றேதான். ஓடுகளைக் கடலில் கொட்டிவிட்டு வந்து, குரல் பிசகாமல் சொன்னான். பல பேர் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார்கள். பிறகு யாரோ, "கூடப் பொறந்தவன்னுகூடப் பாக்கலபா. நீதிமான்யா இவன்" என்றார்கள். அது அவன் காதில் இனித்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது.

நீலா ஓடிப்போய்த் திருமலை காலில் விழுந்தாள். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"என் கால்ல வுழுந்து இன்னாம்மா பிரயோஜனம்? இப்ப நான் ஆரு? ஊரு கால்ல வுழு."

நீலா எழுந்து, ஊர் கால் எங்கே இருக்கிறது என்று சுற்றிலும் பார்த்தாள். அத்தனை பேரும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

மறுநாள் இருவரும் தட்டுமுட்டுச் சாமானோடு பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி, சடையங்குப்பத்து ஓரம் ஒரு குடிசை போட்டுக்கொண்டார்கள். பள்ளமான இடம், மழை என்றால் முதல் தண்ணீர் அங்கேதான். கருணாகரன் மூன்று மாதம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. விதி வகுத்தவனே விதியை மீறலாமா என்பது அவன் நியாயம். ராத்திரி சோறு இறங்காமல் தட்டை நகர்த்தி வைப்பானே தவிர, போகவில்லை.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. நாலாம் நாள் காலையில், தண்ணீர் பிடிக்கப்போன பெண் ஒருத்தி கருணாகரன் வீட்டு வாசலில் நின்று, யாரிடமோ சொல்கிற மாதிரி, "ஊரு எல்லையில எத்திராஜு நின்னுகினுகீறான். நான் பேசல. பாத்தத சொன்னேன்" என்றுவிட்டுப் போனாள்.

எத்திராஜ் மார்பு வரைக்கும் சேறாக நின்றான். கால்வாயை நீந்தி வந்திருக்கிறான். வாய்த்துடுக்கெல்லாம் எங்கே போயிற்றோ, கை கூப்பியிருந்தது.

"மச்சான், ராவெல்லாம் வலியில துடிக்கிறா. கொழந்த எறங்கல. அக்கம்பக்கம் கீறவங்க தண்ணிக்குப் பயந்து மேட்டுக்குப் பூட்டாங்க. ஆசுபத்திரிக்கி இட்டுகினு போலாம்னா ரோடே காணோம். மங்கையக்காவ அனுப்பு மச்சான். எனக்குன்னு கேக்கல."

மங்கைதான் குப்பத்து மருத்துவச்சி. ஊரில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். கருணாகரன் ஓடினான். சொன்னதைக் கேட்டு மங்கை துணிமூட்டையை எடுக்கக் கை நீட்டினாள்; பாதியில் கையை இழுத்துக்கொண்டாள்.

"வந்துடுவேன் கர்ணா. ஆனா தள்ளி வெச்ச வூட்டுக்குள்ள போயி தொட்டேன்னா, எனக்கும் ஓடு போடுவாங்க. நாளிக்கி எம் மவன் மரத்த எவன் தள்ளுவான்? ரெண்டு பசங்க வெச்சிகினுகீறான். ஊருல ஒரு வார்த்த வாங்கியா. நான் ரெடியா குந்திகினுகீறேன்."

திருமலையிடம் ஓடினான். கிழவர் கயிற்றுக் கட்டிலில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாட்டாரே, ஒரு வார்த்த சொல்லுங்க. மங்கையக்கா போவட்டும்."

"நான் சொல்ற வார்த்தைக்கு இப்ப இன்னா மதிப்பு நைனா? ஓடு சொன்னத நாட்டாரும் மாத்தக்கூடாதுன்னு நீதான சொன்ன."

கருணாகரனுக்கு அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. படிப்பகத்தில் அதே புத்தகத்தில் இரண்டு பக்கம் தள்ளிப் படித்ததுதான். "அந்த ஏதென்ஸ்லயே, பாரசீகக்காரன் படையெடுத்து வந்தப்போ, வெளிய அனுப்பினவங்கள எல்லாம் திருப்பிக் கூப்ட்டுகினாங்க. ஆபத்துன்னா கூப்டலாம். அப்படி கீது."

திருமலை அவனையே பார்த்தார். "அத்த ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா நீங்க மறுபடியும் மன்னிக்க ஆரம்பிச்சுடுவீங்கன்னு."

"மன்னிச்சா இன்னா பூடும் நைனா?"

கிழவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வூடு வூடா போயி கேளு. பாதி வூடு சரின்னா எனக்கும் சரி. ஒன் சட்டப்படியே ஆவட்டும்" என்றார்.

மழையில் வீடு வீடாக ஏறி இறங்கினான். கடலுக்குப் போக முடியாத நாள், எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். முதல் வீட்டில், "அய்யோ பாவம் புள்ள. எங்க வூட்டு ஓடு வெறும் ஓடு கர்ணா, அம்மன் சத்தியமா. ஆனா ஊரு போட்டுச்சே, நான் ஒத்தன் இன்னா பண்றது?" என்றார்கள். இரண்டாம் வீட்டிலும் அதேதான். மூன்றாம் வீட்டில் ஒரு கிழவி அழுதே விட்டாள். அவளும் வெறும் ஓடுதான் போட்டாளாம். எல்லாருக்கும் நீலாமேல் இரக்கம் இருந்தது. ஆனால் தான் சரி என்று சொன்னால், அன்றைக்குப் போட்ட கரியைத் தானே ஒப்புக்கொண்டு அழிப்பதாக ஆகிவிடுமோ என்ற பயமும் இருந்தது. ஊர் சொன்னால் நானும் சொல்கிறேன் என்றார்கள். இவன் அடுத்த வீட்டுக்கு ஓடினான்.

எண்ணுகிற புத்தி சும்மா இருக்குமா? எண்பத்துநாலில் வெறும் ஓடு இருபத்துமூன்று. இருபத்துமூன்று வீடு வரைக்கும் அவன் எல்லார் பேச்சையும் நம்பினான். இருபத்துநாலாவது வீட்டிலிருந்து பொய் ஆரம்பித்தாக வேண்டும். முப்பத்தாறு வீடு ஏறி இறங்கினபோது முப்பத்தாறு நிரபராதிகள். இந்த ஊரில் யாருமே நீலாவைத் தள்ளவில்லை. ஆனால் அவள் வெளியே கிடக்கிறாள். முப்பத்தேழாவது வாசலில் கால் வரவில்லை. அப்பா விழுந்தபோது எதிரே இரண்டு கால் இருந்தது, அதன் மேலே ஒரு முகம் இருந்தது, அந்த முகம் ஏந்திரு என்று சொல்லிற்று. அந்த முகத்தை ஒழித்துக்கட்டியது நான்தானே என்று நினைத்தான்.

மங்கை வீட்டுக்குத் திரும்பியபோது உச்சிவேளை ஆகியிருந்தது. அவள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஊரு இன்னா சொல்லுது?"

"அக்கா, அன்னிக்கி நானும் கரி போட்டேன்."

மங்கை அவன் முகத்தைப் பார்த்தாள். "கூடப் பொறந்தவளுக்கா?"

அவன் தலை நிமிரவில்லை.

"நானும்தான் எங்க வூட்டு ஓட்டுல கரி இழுத்தேன்" என்றாள் மங்கை. "மத்தவங்க போட மாட்டாங்கன்னு நெனச்சிகினு." எழுந்து, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மழையில் இறங்கினாள்.

எத்திராஜ் ஒரு கட்டுமரத் துண்டைப் பிடித்து இழுக்க, மூன்று பேரும் கால்வாயைக் கடந்தார்கள். குடிசைக்குள் கணுக்கால் தண்ணீர். கட்டிலுக்குக் கீழே கல் அடுக்கி உயர்த்தியிருந்தான் எத்திராஜ். நீலாவின் முகம் வெளுத்துக் கிடந்தது. மங்கை ஆண்களை வெளியே அனுப்பினாள். ஒரு மணி நேரம் கழித்துக் குழந்தையின் குரல் கேட்டது. எத்திராஜ் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஆனால் மங்கை வெளியே வரவில்லை. வந்தபோது முழங்கை வரைக்கும் ரத்தம்.

"பொண்ணு. நல்லா கீது. தாய்க்குத்தான் ரத்தம் நிக்க மாட்டேங்குது." கையை மழையில் நீட்டிக் கழுவிக்கொண்டே சொன்னாள். "காலைலயே வந்திருந்தேன்னா..." என்று தொடங்கியவள் அதை முடிக்கவில்லை.

கருணாகரன் உள்ளே போய்க் கட்டிலருகே குனிந்தான். நீலா கண்ணைத் திறந்து பார்த்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு பார்க்கிற அண்ணன் முகத்தில் எதைத் தேடினாளோ.

"அண்ணே, ஊரு வுட்டுச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தான். பொய் சொல்லிப் பழகாத வாய், எப்படிச் சொல்வது என்று ஒரு நொடி தடுமாறியது. அதற்குள் அவள் கண் அவனை விட்டு விலகிக் கூரையில் நிலைகுத்திவிட்டது.

சடையங்குப்பத்து மேட்டிலேயே புதைத்தார்கள். மூணுபனைக் குப்பத்திலிருந்து வேறு ஒருவரும் வரவில்லை. எத்திராஜ் குழந்தையை மார்போடு அணைத்தபடி, அன்று முழுக்கக் கருணாகரன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அதற்கு மூன்றாம் நாள் மழை விட்டது. அன்றைக்கே ஊர் கூடிற்று, மங்கைக்கு ஓடு போட. கூடப் பிறந்தவன் சாவுக்குப் போனதை ஊர் கணக்கில் வைக்கவில்லை.

கருணாகரனுக்கு முதலில் புரியவில்லை. நீலா செத்த பிறகுமா? தேசிங்கு என்று ஒருவன் எழுந்து விளக்கினான். "மங்கைய சும்மா வுட்டா, அப்ப அன்னிக்கி நாம போட்ட ஓடு இன்னா, வெளாட்டா? அந்தப் பொண்ணு செத்ததுக்கு அப்புறம் கட்டுப்பாடு ஒண்ணும் இல்லன்னு சொன்னா, நாமதான் கொன்னோம்னு ஆவாதா?" பல தலைகள் ஆடின. ஊர் செய்தது சரி என்று நிரூபிக்க ஊருக்கு இன்னொருத்தி வேண்டியிருந்தது. மங்கை கோயில் வாசலில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மகனும் மருமகளும் பின்னால் நின்றார்கள்.

"வாணாம், வுட்டுடுங்க" என்று கருணாகரன் சொல்லிப் பார்த்தான்.

"ஒன் தங்கச்சிக்கே நீ வளையல. மங்கைக்கு வளையலாமா?" என்றார் ஒரு பெரியவர். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

வரிசையாக வந்து பானையில் போட்டுவிட்டுப் போனார்கள். கருணாகரன் பானையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனான். மணலில் கொட்டினான். எண்பத்துமூன்று ஓடு. கரி ஐம்பது. இரண்டு தடவை எண்ணிவிட்டு, எல்லாவற்றையும் வாரிக் கடலில் போட்டான். கையில் ஒட்டிய கரியை அலையில் கழுவினான்.

திரும்பி வந்து கூட்டத்துக்கு முன்னால் நின்றான்.

"கரி இருபது. மங்கையக்கா இருக்கலாம்."

கூட்டம் அசைந்தது. ஒருத்தன் முகத்தை இன்னொருத்தன் பார்த்தான். தேசிங்கு வாயைத் திறந்து, "அதெப்படி..." என்று தொடங்கினான். அதற்கு மேல் என்ன சொல்வான்? நான் போட்டேனே என்றால், நீதானா என்று ஊர் கேட்கும். பக்கத்தில் இருந்தவனும் போட்டான், அவனாலும் சொல்ல முடியாது. ஐம்பது பேரும் அந்த இருபது பேரில் தானும் ஒருவன் என்று எண்ணிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்கள். சந்தேகப்பட யாருக்கும் தோன்றவுமில்லை. சொந்தத் தங்கையையே தள்ளிவிட்டு அறுபத்தொன்று என்று சொன்னவன், மருத்துவச்சிக்காகவா பொய் சொல்லப்போகிறான்? தேசிங்கு மெதுவாக உட்கார்ந்தான். மங்கையின் மருமகள் ஓவென்று அழுதாள். கூட்டம் துண்டை உதறிக்கொண்டு எழுந்தது.

எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்று கருணாகரன் நினைத்தான். ஆடியில் அந்தப் பானையைக் கவிழ்த்தபோதும் கோயிலுக்குப் பின்னால் அவனைத் தவிர யாருமில்லை. அறுபத்தொன்று என்பதற்குப் பதிலாகப் பதினைந்து என்றோ இருபது என்றோ சொல்லியிருந்தால், இதே மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, உள்ளுக்குள் நிம்மதியாகி, துண்டை உதறிக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள். நீலா இந்நேரம் தன் வீட்டில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள். அதற்கு ஒரு பொய் தேவைப்பட்டது. அது தன் கையில் இருந்தது. அவன் எண்ணிச் சரிபார்த்துவிட்டு வந்து உண்மையைச் சொன்னான்.

மணலில் குப்புற விழுந்து, நெஞ்சு வெடிக்கிற மாதிரி அழுதான். வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். மங்கை தப்பினதில் எவ்வளவு சந்தோஷம் பார் இவனுக்கு, இந்த மாதிரி ஒரு நேர்மையான ஆள் கிடைக்க ஊர் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே போனார்கள்.